மேசையைத் தாண்டிக் குதிக்காத பிணம்

குக் யோங்சுன் நன்றாகச் சாவாள். இஞ்சோன் நகரிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் துணை நடிகர்கள் பேருந்தில் யாரைக் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார்கள். மற்றவர்கள் பிணமாகப் படுத்தால் இமை துடிக்கும், வயிறு ஏறி இறங்கும், முகத்தில் வெயில் பட்டால் மூக்கு சுருங்கும். யோங்சுன் படுத்தால் படுத்ததுதான். ஒருமுறை கேமராக்காரரே பயந்துபோய்க் குனிந்து, "அம்மா, நல்லாத்தான இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"தள்ளிப் போங்க தம்பி, செத்துப் போயிருக்கேன்ல," என்றாள் அவள், உதடு அசையாமல்.

மற்ற நாட்களில் அவள் சந்தைக்குள் தொக் என்ற அரிசிப் பலகாரம் விற்கும் ஒரு கடையில் அரிசி மாவை ஆவியில் வேகவைத்து, இடித்து, துண்டு போடுவாள். கணவர் பே இன்சிக் அதே தெருவில் சலவைக் கடை வைத்திருக்கிறார். மகள் சோல்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், பக்கத்து வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை என்று அவளுக்குப் பதிலாக யோங்சுன் ஒருநாள் படப்பிடிப்புக்குப் போனாள். கொள்ளைநோய் வந்த கிராமம், பாய் போட்டு மூடிய பிணங்கள். அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துவிட்டது, இந்த வேலை தனக்கு வரும் என்று. அதில் சந்தேகம் என்பது அவளுக்கு எப்போதும் வந்ததில்லை.

பிறகு ஜாம்பிப் படங்களின் காலம் வந்தது. நடனம் கற்ற இளைஞர்களும் பெண்களும் கழுத்தைத் திருகிக்கொண்டு, மூட்டுகளை முறுக்கிக்கொண்டு ஓடினார்கள். யோங்சுனை எப்போதும் கூட்டத்தின் கடைசியில் நிறுத்துவார்கள். அவள் கடைசியில் நின்று, தன் வேகத்தில் நடந்து வருவாள். "இன்னும் வேகமா வாங்கம்மா," என்று உதவி இயக்குநர் கத்தினால், "செத்தவங்களுக்கு என்ன தம்பி அவசரம்? போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்தாச்சே," என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் அவள் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அதனால்தான் 'பாதி திறந்த கதவு' நாவல் கையில் கிடைத்தபோது, இதை எழுதியவருக்கும் தனக்கும் ஒரே மாதிரி மூளை என்று நினைத்தாள். அந்தக் கதையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பிணங்கள் எழுந்து வருகின்றன. கடிப்பதற்காக வருவதில்லை. ஒவ்வொன்றும் தன்னுடைய திதி நாளில், தன்னுடைய வீட்டுக்கு வருகிறது. திதியன்று செத்தவர் வந்து சாப்பிடுவதற்காக வாசல் கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தானே. கூப்பிட்டோம், வந்துவிட்டார்கள், இப்போது என்ன செய்வது என்பதுதான் கதை.

ஏழாவது அத்தியாயத்தில் ஒரு தாய் வருகிறாள். சின்ன வீடு. படையல் மேசைக்கு முன்னால் மகனும் மருமகளும் நிற்கிறார்கள். தாய் உள்ளே வந்து மேசைக்கு எதிரில் உட்காருகிறாள். மகனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. வருஷா வருஷம் செய்வதையே செய்கிறான். சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்துகிறான், கீரைமேல் சாப்பிடும் குச்சிகளை வைக்கிறான், செத்தவர் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதன்பிறகு எழுத்தாளர் தாயைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பின்னால் கேட்கும் சத்தங்களை மட்டும் எழுதுகிறார். வழக்கப்படி மூத்த மகன் மூன்று முறை இருமிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அவனால் இரும முடியவில்லை. அத்தியாயம் அங்கே முடிகிறது.

அந்த நாவலைப் படமாக எடுத்தபோது, தாயின் வேஷம் யோங்சுனுக்குக் கிடைத்தது. தேர்வுக்கு வந்த மற்றப் பெண்கள் உறுமினார்கள், தரையைச் சுரண்டினார்கள். இவள் உள்ளே வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான். இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். முதல்முறையாகக் கூட்டத்தில் ஒருத்தியாக இல்லாமல், கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் 'தாய்' என்ற வேஷத்துக்கு எதிரே அவள் பெயர் வரப்போகிறது. இடிப்பதற்காகக் காலி செய்த ஒரு பழைய குடியிருப்பில் படம் எடுத்தார்கள். நாவலில் உள்ளபடியே அந்தக் காட்சியை எடுத்தார்கள். மறுநாள் அவளைப் போலவே தலைமுடியும் ஹான்போக் என்ற பாரம்பரிய உடையும் போட்டுக்கொண்டு, சண்டைக் காட்சிகளுக்கு டூப் போடும் ஒரு பெண் அதே மேசையருகே நிற்பதைப் பார்த்தாள். ஏதோ வெளிச்சம் சரிபார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டாள்.

படம் வெளிவருவதற்குள் சோல்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தேக்யோம் சாதுவான பையன். அவனுடைய அம்மா சோன் ஹேரான் மருந்துக்கடை வைத்து நடத்துகிறவர். கணவர் இறந்து பல வருஷங்கள் ஆகின்றன. பேச்சில் பிசிறு இருக்காது. சடங்கு, சகுனம் எல்லாம் கறாராகப் பார்ப்பார். கல்யாணத் தேதி குறித்துவிட்டால் அங்கே யாரும் சாவு வீட்டுக்கே போகமாட்டார்கள். அப்படியிருக்க, மாமியார் ஆகப்போகிறவரிடம் தன் அம்மா பிணமாக நடிக்கிறவள் என்று எப்படிச் சொல்வது? சோல்பி தொக் கடையை மட்டும் சொன்னாள். மற்றதைச் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் சோல்பி சலவைக் கடைக்கு ஓடி வந்தாள். யோங்சுன் அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அத்தை சினிமாவுக்கு டிக்கெட் எடுத்திருக்காங்க. ரெண்டு குடும்பமும் சேர்ந்து போகணுமாம், அப்புறம் சாப்பாடாம்."

"போவோமே. அதுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குற?"

"என்ன படம்னு கேளு. 'பசித்த குடியிருப்பு'. உன் படம். அதோட மூல நாவலை அவங்க மூணு தடவை படிச்சிருக்காங்களாம்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இன்சிக் சொன்னார்: "நல்லதாப் போச்சு. உன் அம்மாவ அவங்க திரையில பாக்கட்டுமே."

"அப்பா, சும்மா இருங்க. அம்மா, அந்த மேக்கப்புல உன்னை யாருக்கும் அடையாளம் தெரியாது. நீயா வாயத் திறக்காம இருந்தாப் போதும். கல்யாணம் முடியட்டும். அப்புறம் நானே சொல்லிடுறேன், சத்தியமா."

யோங்சுன் மகளைப் பார்த்தாள். பிணமாக நடிப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு எவ்வளவு உறுதியாகத் தெரியுமோ, மகள் பயந்திருக்கிறாள் என்பதும் அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது.

"சரி. பேசல," என்றாள்.

தியேட்டரில் ஹேரான் நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் மகன், மறுபக்கம் யோங்சுன். மடியில் அந்த நாவலையே கொண்டுவந்திருந்தார். ஓரங்கள் மடிந்து போயிருந்தன.

"சம்பந்தியம்மா, உங்களுக்குப் பேய்ப் படம் பயமில்லையே? இது அந்த மாதிரிப் படமில்ல. ஏழாவது அத்தியாயம் வரும் பாருங்க, அதுக்காகத்தான் வந்தேன்."

"பயமெல்லாம் இல்லைங்க," என்றாள் யோங்சுன். சோல்பி அவளை எட்டிப் பார்த்தாள்.

படம் தொடங்கியதுமே தெரிந்துவிட்டது. பிணங்கள் ஓடின. கூரையிலிருந்து குதித்தன, கார்களைக் கவிழ்த்தன. நாவலில் இல்லாத ஒரு ராணுவ அதிகாரி வந்து, எல்லாவற்றுக்கும் ஒரு மருந்துக் கம்பெனிதான் காரணம் என்று நீளமாக விளக்கினார். ஹேரான் நாவலைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். இன்சிக் சோளப்பொரி மடியில் இருக்கத் தூங்கிப்போனார்.

பிறகு அந்த வீடு வந்தது. படையல் மேசை, பாதி திறந்த கதவு. வாசலில் யோங்சுனின் முகம். பாலாடை படிந்த கண்கள், நிதானமான ஒரு பார்வை. அவளுக்கே நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு முறை கண் சிமிட்டும் நேரம். அடுத்த நொடி இடி போல இசை முழங்க, அவளுடைய உடையில், அவளுடைய தலைமுடியில், இருபது வயதுக் கெண்டைக்கால்களோடு ஒருத்தி மேசையைத் தாண்டிக் குதித்தாள். தொக் பறந்தது. சீமைப்பனிச்சைப் பழங்கள் உருண்டன. "என்னை மன்னிச்சிடும்மா," என்று அலறிக்கொண்டே மகன் சோறு வேகும் குக்கரால் அவள் மண்டையில் அடித்தான். குக்கர், "சோறு தயார்" என்று இனிமையான குரலில் அறிவித்தது.

தியேட்டர் முழுக்கச் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தேக்யோமும் சிரித்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். யோங்சுன் அசையவில்லை. அசையாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம்.

சாப்பாட்டுக்குப் போன இடத்தில் தனி அறை. தரையில் மெத்தைகள், தாழ்ந்த மேசை, தள்ளுகதவு. கீரைகளும் ஊறுகாய்களும் முதலில் வந்தன, பித்தளைக் கிண்ணங்களில் மூடி போட்ட சோறு வந்தது. ஹேரான் எதையும் தொடவில்லை.

"என்ன அநியாயம் இது? எழுதினவரு அந்த இடத்துல ஒரு வரி எழுதாம விட்டாரு. ஏன் விட்டாரு? காட்டக்கூடாதுன்னுதானே விட்டாரு? இவங்க போய் அங்க குரங்கு வித்தை காட்டுறாங்க."

"அம்மா, சினிமாதானே, விடுங்க," என்றான் தேக்யோம்.

"விடு விடுன்னா எப்படி விடுறது? இயக்குநருக்குத்தான் அறிவில்ல, நடிச்ச பொம்பளைக்கு எங்க போச்சு? ஒரு தாயா, திதி சாப்பிட வந்தவளா, மேசையத் தாண்டிக் குதிப்பா? அவ வீட்டுல திதியே குடுத்ததில்ல போல. இந்த மாதிரி ஆளுங்க காசுக்காக எதையும் பண்ணுவாங்க."

சோல்பி தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுத்தாள், குடிக்கவில்லை. இன்சிக் மனைவியைப் பார்த்தார். பேசினால் மகளின் கல்யாணத்தில் ஒரு கீறல் விழும். பேசாவிட்டால், இனி ஒவ்வொரு விசேஷத்திலும் இந்த அம்மாளின் எதிரில் உட்கார்ந்து, குதித்தவளாகவே இருக்க வேண்டும். தான் குதிக்கவில்லை என்று யாருக்குமே சொல்லாமல் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் தாங்காது என்று யோங்சுனுக்குத் தோன்றியது.

"நான் குதிக்கல," என்றாள்.

"என்னது?"

"வாசல்ல வந்து நின்னது நான். குதிச்சது வேற ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணையும் திட்டாதீங்க, குதிக்கச் சொன்னாங்க, குதிச்சா. நான் நடிச்சது நாவல்ல இருக்கிற மாதிரியே இருந்துச்சு. அத வெட்டித் தூக்கிப் போட்டுட்டாங்க."

"அம்மா," என்றாள் சோல்பி.

ஹேரான் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, யோங்சுனின் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க... நடிக்கிறீங்களா?"

"பிணமா மட்டும். ரொம்ப வருஷமா."

"தொக் கடைன்னு சொன்னாங்களே."

"அதுவும் உண்மைதான். அரிசி வேகும்போது கடையில, மத்த நேரம் பிணம். சோல்பி பயந்துக்கிட்டுச் சொல்லல. அவமேல கோபப்படாதீங்க."

"அத்தை, நான் அப்புறமா சொல்லலாம்னுதான்..." என்று தொடங்கினாள் சோல்பி.

"தேதி குறிச்ச பிறகா இந்த வேஷம் போட்டீங்க?" என்று கேட்டார் ஹேரான். குரல் கடையில் மருந்துச் சீட்டைத் திருப்பிக் கேட்பது போல இருந்தது.

"இல்லைங்க, போன வருஷம். ஆனா தேதி குறிச்சிருந்தாலும் போட்டிருப்பேன்."

இன்சிக் மெல்ல இருமினார். தேக்யோம் முள்ளங்கி ஊறுகாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாவல்ல இருக்கிற மாதிரின்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. படத்தோட விளம்பரத்துலகூட அப்படித்தான் போட்டிருந்தான்," என்றார் ஹேரான்.

"பாத்தாத்தான் தெரியும். ஆனா பாக்கக்கூடாது, அதுதான் விஷயம். நீங்க முதுகத் திருப்பினா நான் செய்றேன்."

"இங்கயா? கல்யாணப் பேச்சு பேச வந்த இடத்துலயா?" என்றாள் சோல்பி. "அம்மா, வேண்டாம். கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

ஹேரான் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தன் முன்னால் இருந்த சோற்றுக் கிண்ணத்தின் மூடியை எடுத்து வைத்தார். கரண்டியை நடுச்சோற்றில் குத்தி நிறுத்தினார். உயிரோடிருப்பவர் சாப்பிடும் மேசையில் யாரும் செய்யாத காரியம் அது. பெரணிக் கீரைமேல் குச்சிகளை வைத்தார். எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"எல்லாரும் திரும்புங்க," என்றார்.

மற்றவர்களும் எழுந்து திரும்பினார்கள். யோங்சுன் வெளியே போய், தள்ளுகதவைப் பாதி திறந்து வைத்து, உள்ளே வந்தாள்.

படப்பிடிப்பிலும் அவள் முதுகுகளைத்தான் பார்த்தாள். யார் யாரோ நடிகர்களின் முதுகுகள். இன்றைக்கு அவளுக்குத் தெரிந்த முதுகுகள். செத்து வருகிறவளுக்கு மிஞ்சுவது இவ்வளவுதான் என்று அவள் அன்றே புரிந்துவைத்திருந்தாள். வெறும் காலைத் தரையில் முழுதாகப் பதித்து நடந்தாள். மேசைக்கு வந்ததும் நின்றாள். முழங்கால் முறிவது போல ஒரு சத்தம் கேட்க உட்கார்ந்தாள். கரண்டியைத் தொட்டாள், எடுக்கவில்லை. அது கிண்ணத்தின் விளிம்பில் ஒருமுறை தட்டியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. சோற்றை விரலால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். மெல்லும் சத்தம் அறையில் கேட்டது. பல நாட்களாக எதையும் மெல்லாத வாய் மெல்லும் சத்தம்.

வறுத்த மீன் தட்டோடு பரிமாறும் பெண் கதவருகே வந்தாள். நான்கு பேர் சுவரைப் பார்த்து நிற்கிறார்கள், ஒருத்தி மட்டும் கண்ணைச் சிமிட்டாமல் சாப்பிடுகிறாள். தட்டைக் கதவுக்கு உள்ளே தரையில் வைத்துவிட்டு, பின்னோக்கியே நடந்து போய்விட்டாள்.

யோங்சுன் எழுந்தாள். நாவலில் இல்லாத ஒன்றை அப்போது செய்தாள். சோல்பியின் சட்டைக் காலரில் லேபிள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மகளின் பின்னால் போய் நின்று, இரண்டு விரலால் அதை உள்ளே தள்ளிவிட்டாள். சோல்பியின் தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கின. அவள் திரும்பவில்லை.

பெரியவர் என்று அங்கே இரும வேண்டியவர் ஹேரான். அவர் இருமவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றார். இன்சிக் கால் வலித்து, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். யோங்சுன் தன் இடத்தில் வந்து உட்கார்ந்து, காத்திருந்தாள். கடைசியில் ஹேரான் மூன்று முறை இருமினார். மூன்றாவது இருமல் சரியாக வரவில்லை.

எல்லாரும் திரும்பினார்கள். ஹேரான் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"தேக்யோம் அப்பா திதிக்கு நானும் அப்படித்தான் நிப்பேன்," என்றார், யாரையும் பார்க்காமல். "ஒரு சத்தமும் வராது. வராதுன்னு தெரியும். இருந்தாலும் காது அங்கதான் இருக்கும்."

தேக்யோம் அம்மாவின் கையைப் பிடித்தான். அவர் கையை உருவிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா ஒண்ணு தப்பு, சம்பந்தியம்மா. நாவல்ல அவ முதல்ல தொடறது சோறு இல்ல. கீரைக் கிண்ணம் நகர்ற சத்தம்தான் முதல்ல வரும்."

"அது குச்சி நகர்ற சத்தம்ங்க. சோறு தொடாம யாராவது கீரையத் தொடுவாங்களா?"

"படிச்சுக் காட்டட்டுமா?"

"காட்டுங்க."

ஹேரான் பையிலிருந்து நாவலை எடுத்தார். இரண்டு பேரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு பக்கத்தைத் தேடினார்கள். கல்யாண மண்டபத்தைப் பற்றிப் பேசலாம் என்று தேக்யோம் இரண்டு முறை வாயெடுத்தான், அவனை யாரும் கவனிக்கவில்லை. தரையில் இருந்த மீன் தட்டை இன்சிக் மேசைக்குக் கொண்டுவந்து, முள்ளை எடுத்து, மகளின் சோற்றில் வைத்தார்.

"அத்தை," என்றாள் சோல்பி. "நான் மறைச்சது தப்புதான்."

"தப்புதான்," என்றார் ஹேரான், பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்த வாசல் காட்சிய இன்னும் நல்லாப் பாத்திருப்பேன். சட்டுனு போயிடுச்சு." பிறகு யோங்சுனிடம், "சரி, கல்யாணம் முடியற வரைக்குமாவது பிணமா போக வேண்டாமே. ஊர்வாய் இருக்கே," என்றார்.

"அடுத்த வாரம் ஒண்ணு ஒத்துக்கிட்டேன். சொன்ன சொல்ல மாத்த மாட்டேன்."

"என்ன வேஷம்?"

"ஏரியில முழுகினவ."

ஹேரான் அவளை நீண்ட நேரம் பார்த்தார். அதில் கோபம் இருந்தது. கூடவே வேறொன்றும் இருந்தது. "பிடிவாதக்காரிதான் நீங்க," என்றார் கடைசியில். "முழுகினவ ஓடுவாளா?"

"மிதப்பா. அவ்வளவுதான்."

"அப்பச் சரி."

தள்ளுகதவு விரலளவு திறந்தது. பரிமாறும் பெண் தலையை மட்டும் உள்ளே நீட்டி, "ஐயா, அம்மா, எல்லாம் சரியா இருக்கா? யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். கண்கள் யோங்சுன்மேல்தான் இருந்தன.

"ஒண்ணும் இல்லம்மா," என்றார் ஹேரான். "இவங்க எங்க சம்பந்தி. சினிமாவுல பிணமா நடிக்கிறவங்க. கொஞ்சம் குழம்பு கொண்டா, சூடா."

அந்தப் பெண் போய்விட்டாள். யோங்சுன் சோற்றில் நின்றிருந்த கரண்டியைப் பிடுங்கித் துடைத்து, ஹேரான் கையில் கொடுத்தாள். தன் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவளாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.